இடது காதும் ஏழாவது ஜாயிண்டும்

ஜூலை 21, திங்கள்

காற்று. ஆடி பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது, அதற்குள் போடிமெட்டிலிருந்து இறங்கும் காற்றில் கொடியை விரித்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகிறது. சாரல் இல்லை.

நான்கு நாள் லீவு முடிந்து இன்று டூட்டி. தினமும் தண்டவாளத்தை நடந்து பார்க்கிற கீமேன் நான். இந்த வேலையைப் பெண் செய்தாலும் தாளில் கீமேன்தான். பையில்: சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி இரண்டு, பச்சை ஒன்று, தண்ணீர், புளிச்சோறு. தொப்பி மறந்தேன்.

லைன் முழுக்க வெல்டிங்கில் ஒட்டிய நீளத் தண்டவாளம். ஸ்டேஷன் யார்டை ஒட்டிய பகுதியில் மட்டும் இன்னும் பழைய முறை ஜாயிண்ட். இரண்டு முனையும் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும், இருபக்கமும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பிஷ் பிளேட், நான்கு போல்ட். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவது என் பழக்கம். ஒன்று முதல் ஆறு வரை கணீர். ஏழாவது, பம்புசெட்டுக்கு எதிரே இருப்பது, தொப்.

போல்ட் இறுக்கம். பிளேட்டில் கீறல் இல்லை. மறுபடி தட்டினேன். தொப். எட்டாவது கணீர்.

காற்றோ என்னவோ.

இன்னொன்று. வியாழக்கிழமை மலைமேல் பூப்பாறையில் தங்கச்சி சாந்தி குழந்தைக்குப் பேர் வைத்துவிட்டு இறங்கும்போது இடது காது அடைத்தது. எப்போதும் அடிவாரத்தில் முந்தல் வந்ததும் எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். இந்த முறை இன்னும் திறக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

7-வது ஜா. இன்றும் தொப்.

எங்கள் மேஸ்திரி தங்கராசு அண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் தட்டினார். குனிந்து மறுபடி தட்டினார்.

“நல்லாத்தானத்தா இருக்கு. எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேக்குது.”

நான் தட்டினேன். “இப்ப?”

“ஒண்ணுபோலத்தான்.”

அவர் முகத்தைப் பார்த்தேன், விளையாடவில்லை. பிறகு அவரே, “அடியில ஜல்லி எறங்கியிருக்கும். மொனையத் தாங்குறதே ரெண்டு பக்கத்து ஸ்லீப்பர் கட்டையும்தான். கட்டை தொங்கிட்டா சத்தம் மாறத்தான் செய்யும். நாளைக்கு ஆளக் கூட்டியாந்து பேக்கிங் பண்ணிருவோம்” என்றார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் சத்தம் மாறும் என்கிறார். நல்ல மனுசன், என் மனது நோகக்கூடாது என்று சொல்கிறாரோ.

வீட்டில் தட்டிப் பார்த்தவை, ஒரு காதை ஒரு விரலால் பொத்திக்கொண்டு:
எவர்சில்வர் குடம். வலது கணீர், இடது தொப்.
குக்கர் மூடி. அதேதான்.
ஜன்னல் கம்பி. அதேதான்.
ஜீப்பு ஸ்பானர். இடதில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்காரர் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்த்தார். விடியுமுன் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் மாலையில்தான் இறங்குவார். “என்னடி, வீட்டுக்குள்ளயும் டூட்டியா?” சிரித்து மழுப்பினேன்.

இடது காதுக்கு எல்லாமே தொப்தான். அப்படியானால் லைனில் ஏழாவது மட்டும் ஏன் தொப்? இரண்டு காதும் சேர்ந்துதானே கேட்கின்றன. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 23, புதன்

பேக்கிங். நான்கு பேர். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்கி, இரண்டு கட்டைக்கும் அடியில் ஜல்லியைக் குத்தித் திணித்தோம். தோள் வலி.

மதுரை வண்டி போகும்போது ஒதுங்கி நின்று பார்த்தேன். முன்பெல்லாம் சக்கரம் ஏறியதும் முனை இரண்டும் லேசாக அமுங்கி எழும்பும். இன்று அமுங்கவில்லை. அண்ணே தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, “பாத்தியாத்தா” என்றார். எல்லோருக்கும் சந்தோஷம்.

அவர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த பிறகு தட்டினேன். தொப்.

சொல்லவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் குத்தியவர்களிடம் என்னவென்று சொல்வது?

ஜே.இ. போன் செய்தார். எங்கள் பகுதி இன்ஜினியர், சின்ன வயது, திருநெல்வேலிப் பக்கம். “அந்த ஜாயிண்ட் சரியாயிருச்சாம்மா?”

“பேக்கிங் முடிஞ்சது சார்.”

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அவர் கவனிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

இன்று எழுத்து கோணல்.

பத்தரை மணி இருக்கும். எட்டாவது ஜாயிண்டில் குனிந்து போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கத்தினார். “ஏ ஆரஞ்சுச் சட்டை, ஒதுங்குத்தா. ஒதுங்கு.”

வலது காதில்தான் விழுந்தது. ஒதுங்கித் திரும்பினால், ஜல்லி வேகனைத் தள்ளிக்கொண்டு இன்ஜின். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. டிரைவர் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

அந்த அம்மா வேலி வரைக்கும் வந்துவிட்டார். “ஆரன் அடிச்சுக்கிட்டேதான வந்தான். கேக்கலையா?”

“காத்துங்க.”

“காதா?”

“காத்து. ஆடிக் காத்து.”

அவர் நம்பினமாதிரி தலையாட்டினார். அப்புறம் மடியில் இருந்து ஒரு கை அவரைக்காயை எடுத்து என் பையில் போட்டார். ஏன் போட்டார் என்று தெரியவில்லை.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பிறகு மீதி லைனையும் நடந்தேன், பத்தடிக்கு ஒரு முறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. மூன்று ஜாயிண்டைத் தட்டினேனா இல்லையா என்று ஞாபகமே இல்லை. திரும்பி வந்து தட்டினேன்.

அவரைக்காய்ப் பொரியல். வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். தோட்டத்தில் கொடுத்தார்கள் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் லீவு சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். வைத்தேன். நான் போகாவிட்டால் வேறு ஆள் நடப்பார், அவருக்கு ஏழாவதும் ஒண்ணுபோலத்தான் கேட்கும். போனேன். தொப்.

சாந்தி போன். காது இன்னும் திறக்கவில்லை என்றேன். எஸ்டேட்டில் இருந்து இருந்து பேச்சில் பாதி மலையாளம். “சாரமில்லக்கா, ஒண்ணுமில்ல, மூக்கப் பிடிச்சு வாய மூடி ஊது, தன்னால தொறந்துரும்.” ஊதினேன். உள்ளே சத்தம் வந்தது, திறக்கவில்லை.

மாலையில் அவர் டீவியைக் குறைத்தார். நான் கூட்டினேன். அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மகேசு, ஒரு வாரமா பாக்குறேன். இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிற” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“நாளைக்கே டாக்டரப் பாப்போம்.”

“பாத்தா எழுதிருவாங்க மாமா. லைன்ல இருந்து எடுத்துருவாங்க.”

“எடுக்கட்டும். உசுரு இருந்தாப் போதும்.”

“அப்ப அந்த ஜாயிண்டு? காது கேக்காதவ சத்தம் கேட்டேன்னு சொன்னா யாரு நம்புவா?”

அவர் எழுந்து பாயை எடுத்தார். முதலில் ஜாயிண்டைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, பிறகு காதைச் சொல்லலாமா? அது ஏமாற்று. முதலில் காதைச் சொன்னால் ஜாயிண்ட் அப்படியே கிடக்கும். ஒருவேளை ஜாயிண்டில் ஒன்றுமே இல்லையோ. எல்லாம் என் காதுக்குள்ளேயே நடக்கிறதோ. அப்படி இருந்தால் நல்லதுதானே. அப்படி இருந்தால் நல்லது என்று மனது ஏன் ஒப்பவில்லை?

“ரெண்டையும் ஒண்ணாச் சொல்லிரு” என்றார், பாயை விரித்துக்கொண்டே.

ஜூலை 26, சனி

இரண்டையும் சொன்னேன்.

ஜே.இ. டிராலியில் வந்திருந்தார். அண்ணனும் கூட. நின்றபடியே சொன்னேன், நடுவில் நிறுத்தினால் திரும்ப வாய் வராது என்று ஒரே மூச்சில். ஜே.இ. நோட்டை மூடினார்.

“காது கேக்கலைங்கறீங்க. ஆனா சத்தம் மட்டும் வித்தியாசமா கேக்குதுங்கறீங்க.”

“ஆமா சார்.”

“இதுல எத நான் எழுதட்டும்?”

“ரெண்டையும் எழுதுங்க சார்.”

அவர் மலையைப் பார்த்தார். கோபமா, யோசனையா, தெரியவில்லை. பிளேட்டைப் பிரித்து கிரீஸ் போடும் காலம் வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போது பிரிக்க அனுமதி வாங்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். என் காது ஒரு காரணமா?

தங்கராசு அண்ணே தொண்டையைச் செருமினார். “பிரிச்சுப் பாத்துருவோம் சார். ஒண்ணுமில்லைன்னா கிரீஸ் போட்டதா இருக்கட்டும். எனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு, என் காத மட்டும் நம்பி என்னத்துக்கு.”

மதியம், வண்டி இல்லாத நேரத்தில் அனுமதி கிடைத்தது. இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி. நான்கு போல்ட்டையும் கழற்றினோம். வெளிப்பக்கப் பிளேட் சுத்தம். உள்பக்கப் பிளேட் சுத்தம். அண்ணே என்னைப் பார்க்காமல் மண்ணெண்ணெய்த் துணியால் தண்டவாள முனையைத் துடைத்தார்.

துடைத்த இடத்தில் ஜே.இ. சாக்பீஸைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் வெறும் வெள்ளை. பிறகு வெள்ளைக்குள் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது, விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய். போல்ட் ஓட்டையில் தொடங்கி முனையை நோக்கிச் சாய்வாக. பிளேட் மூடியிருக்கும் இடம். வெளியில் இருந்து யாராலும் பார்த்திருக்க முடியாது.

அண்ணே ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜே.இ. போனை எடுத்து ஸ்டேஷனுக்குச் சொன்னார், குரல் மாறியிருந்தது.

சாயங்கால வண்டியை ஸ்டேஷனிலேயே நிறுத்தினார்கள். விரிசல் விழுந்த துண்டை வெட்டி எடுத்து, வேறு துண்டு பொருத்தி, பிளேட் போட்டு, அடியில் ஜல்லி திணித்து முடிக்கும்வரை. முக்கால் மணி தாமதம். சாமான் எடுக்க ஸ்டேஷன் பக்கம் போனபோது காதில் விழுந்தவை, வலது காதில்:

“என்னவாம்?”

“மாடு விழுந்துருச்சாம்.”

“மாடு இல்லப்பா, இஞ்சின்ல டீசல் இல்லையாம்.”

வண்டி புது ஜாயிண்டில் மெதுவாக ஏறி இறங்கிப் போனது. ஜன்னலில் ஒரு குழந்தை கை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

ஜே.இ. ரிப்போர்ட்டை என்னிடம் படித்துக் காட்டினார். மேலே, விரிசலைக் கண்டுபிடித்தவர் மகேஸ்வரி. கீழே, மேற்படியாருக்கு இடது காது கேட்கவில்லை எனத் தெரிவித்தார், பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார். ஒரே தாள். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணே வீட்டில் இருந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வந்தது. அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தெருவில் இரண்டு பேர் விசாரித்தார்கள். எல்லோரும் காது காது என்றே பேசுகிறார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று இப்போதுதான் பிடிபட்டது. அந்த விரிசல் ஒரு வாரத்தில் வந்ததா? போன மாதமும் அதே ஜாயிண்டைத்தான் தட்டினேன். அப்போது கணீர் என்று கேட்டதா, இல்லை, கணீர் என்று கேட்கும் என்று நானே நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேனா? நல்ல காது இருந்தபோது கேட்காதது, அடைத்த காதில் எப்படிக் கேட்டது? சுத்தியல் பிடித்த கைக்குத் தெரிந்ததோ. கைக்குத் தெரிந்ததைக் காது என்று நினைத்தேனோ.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். “கண்டுபிடிச்சதுக்கும் சண்டையா? தூங்கு” என்றார்.

துணி துவைத்தேன். மதியம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 28, திங்கள்

மதுரை. ஆஸ்பத்திரியில் கூட்டம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடதுக்கு வந்ததும் ரொம்ப நேரம் அமைதி. ஆரம்பித்துவிட்டார்களா என்று கண்ணாடி வழியாகக் கேட்டேன். அந்தப் பெண் தலையாட்டினாள். ஆரம்பித்து முடியப்போகிறதாம்.

டாக்டர் அம்மா: “உள்ள நீர் கோத்திருக்கு. அதுபோக, நரம்புலயும் கொஞ்சம் கேட்கும் திறன் குறைஞ்சிருக்கு. இது ஒரு வாரத்துல வந்ததில்ல. ரொம்ப நாளாவே குறைஞ்சுக்கிட்டு வந்திருக்கும். மலையில காது அடைச்சதாலதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“திரும்ப வருமா?”

“நீர் வத்திரும். மத்தது, ஆறு வாரம் கழிச்சுப் பார்த்துச் சொல்றேன்.”

அதுவரை லைனில் நடக்கக்கூடாது. ஸ்டோரில் வேலை. அதற்குப் பிறகும் நடக்கலாமா என்பது இப்போது தெரியாது.

பஸ்சில் வீட்டுக்காரர் என் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டார். உசிலம்பட்டியில் வெள்ளரிக்காய் வாங்கித் தந்தார். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 30, புதன்

ஸ்டோர். காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அதுகூடப் பாதிதான் கேட்கிறது.

பழைய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மரை தேய்ந்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இன்னும் ஏழு மணி நேரம் என்ன செய்வது?

என் லைனுக்குப் பாண்டியம்மாளைப் போட்டிருக்கிறார்கள். ராசிங்காபுரத்துப் பெண், போன வருஷம்தான் வேலைக்கு வந்தாள், எம்.எஸ்சி. படித்தவள். வாய் துடுக்கு. இவள் குனிந்து பார்ப்பாளா என்று எனக்குச் சந்தேகம். காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

மூன்றரைக்கு வந்தாள். முகமெல்லாம் புழுதி. முட்டி இரண்டிலும் கிரீஸ். பெஞ்சில் என் இடப்பக்கம் உட்கார்ந்து பேசினாள். வாய் அசைவது தெரிந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

பெஞ்சைச் சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

“மொத ஜாயிண்டுல இருந்து திரும்பச் சொல்றேன்க்கா” என்றாள்.