துண்டு போட்ட சீட்டு

அன்புள்ள ராமக்காளுக்கு உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் இங்கே ராஜாவாட்டம் இருக்கிறேன். எஸ்டேட்டில் குளிர் எப்படி, உன் மூட்டுவலி தேவலையா? மலையில் டவர் கிடைக்காததால்தான் இந்தக் கடுதாசி.

போன வாரம் பழங்காநத்தத்தில் டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடித்தேன். ஏறிப் பார்த்தால் துண்டு மேலேயே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

"துண்டு கெடக்கிறது தெரியலையாடா? எந்திரி."

நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே ஆடிப்போனது. அவன் எழுந்து, துண்டை உதறி மடித்துக் கொடுத்தான்.

"தெரியாம உக்காந்துட்டேண்ணே. அண்ணனுக்கு எங்க வேலை?"

"ஆனையூர்ல அம்புட்டுப் பெரிய பிளாட்டுக்கு நான்தான் செக்யூரிட்டி ஆபீசர். எப்ப வந்தாலும் கேட்டுல பாக்கலாம்."

"பாக்குறேண்ணே" என்றான்.

மறுநாளிலிருந்து எதிர் டீக்கடையில் நிற்கிறான். என்னைக் கும்பிட்டு, "சாப்டீங்களாண்ணே?" என்கிறான். வேறெதுவும் பேசுவதில்லை. இன்று அவனோடு இன்னும் இரண்டு பேர் வந்து கும்பிட்டார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். பயமெல்லாம் இல்லை, இந்த ஊரில் எனக்குள்ள மரியாதை அப்படி.

உன் தம்பி மருதுவைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பி வை. வண்டியூர் தெப்பக்குளம் பார்க்க ஆசைப்பட்டானே. என் பழைய விசிலையும் கொடுத்தனுப்பு. பஸ்ஸில் யார் இடம் கேட்டாலும் எழுந்துவிடச் சொல். என் பேரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

டீக்கடையில் நின்ற அந்தத் தம்பி ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறார். நிறுத்துகிறேன்.

உன்
வீரணன்