கோதாவுக்கு வெளியே

நண்பா,

இன்று காலை தோட்டத்து மருத்துவமனைக்குப் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டும் ஒருவர் வந்தார். காற்றில் முறிந்த கிளை காதில் விழுந்து, மடல் பழம்போல் வீங்கியிருந்தது. கட்டியிருந்த இரத்தத்தை வடித்து, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினேன். "வடிக்காம விட்டா காது முறுக்கிக்கிட்டு அப்படியே நின்னுடும், அண்ணே" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் இடது காது கண்முன் வந்துவிட்டது. காய்ந்த இஞ்சித் துண்டுபோல் சுருண்டு கிடக்கும் காது. என் அப்பா அதை இரண்டு தடவை வடித்துக் கட்டினார். இரண்டு தடவையும் மறுநாளே கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுக் குஸ்திக் கோதாவில் இறங்கினாய்.

போன அடைமழையில், மெர்சிங் சாலை வேலையில் இருந்த நீ காய்ச்சல் கண்டு இறந்துபோய்விட்டாய் என்று ஒரு லாரிக்காரர் வந்து சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது. உன் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளுவாங்கில் நாம் படித்த ஆங்கிலப் பள்ளியின் பின்புறம் கோதா தோண்டிய நாள் உனக்கு மறந்திருக்காது. நீ ரயில்வே போர்ட்டரின் மகன். நான் தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கட்டும் டிரஸ்ஸரின் மகன், தினமும் சைக்கிளில் வருபவன். ஆ செங்கின் அப்பா எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் அவன் நம்மைப்போலவே தமிழ் பேசுவான். யூசோப் போலீஸ்காரர் மகன். மரத்தூள் மூட்டைகளை மர ஆலையிலிருந்து நாம்தான் இழுத்து வந்தோம். கொட்டிப் பரப்பி, மேலே பழைய கித்தானை விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தோம். சிங்கப்பூரில் குஸ்தி பழகிய கணக்கு வாத்தியார் பிடிகளைச் சொல்லிக்கொடுத்தார். நடத்தையை மட்டும் நம்மிடமே விட்டுவிட்டார். "அதுக்கும் நான் காவல் நின்னா, கணக்கு யார் நடத்துறது?" என்பார்.

அந்த மூட்டைகளின்மேல் உட்கார்ந்துதான் நம் விதிகளைப் பேசினோம். தலைவன் என்று உன்னை யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை. நீ பேசினாய், மற்றவர்கள் தலையாட்டினோம். நகம் வெட்டாமல் வந்தவன் அன்று வெளியே. வர முடியாதவன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாடத்தில் தவறியவன் தேறும்வரை கோதாவைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது. விழுந்தவனைத் தூக்கிவிடுவது வீழ்த்தியவனின் வேலை. ஒருநாள் யூசோப் மல்லாந்து விழுந்ததைப் பார்த்து ஒருவன் சிரித்தான். நீ சத்தம் போடவில்லை. "அடுத்த பிடி உனக்கு என்கூட" என்று மட்டும் சொன்னாய். அதன்பிறகு அங்கே யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

கடைசி விதி நீயே பிடிவாதமாகச் சேர்த்தது. கோதாவுக்கு வெளியே யார்மேலும் பிடி போடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

அந்த விதியில் முதலில் மாட்டியவன் ஆ செங். பள்ளிப் பலகாரக் கடையில் வரிசையில் நிற்கும்போது ஒருவன் இடித்தான் என்று, அவனை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் பலகாரத் தட்டின்மேலேயே போட்டுவிட்டான். தேங்காய்ப்பூ சட்டையெல்லாம் அப்பிக்கொண்டு அந்தப் பையன் எழுந்து நின்ற கோலம் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. நீ சிரிக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க ஆ செங்குக்குப் போட்டி கிடையாது, பயிற்சி மட்டும் என்றாய். பல நாள் உன்னோடு பேசாமலே வந்து, பேசாமலே பயிற்சி செய்துவிட்டுப் போனான்.

மறு ஆண்டு ஜொகூர் பாரு பள்ளி ஒன்று நம்மைப் போட்டிக்கு அழைத்தது. அதைப் பார்க்க ஒரு போலீஸ் அதிகாரி வருகிறார், திடமான பையன்களை வேலைக்குக் கேட்டு வைத்துக்கொள்வார் என்று ஊரில் பேச்சு. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் ஆள்குறைப்பு நடந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனிலும் போர்ட்டர்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று உன் அப்பாவுக்குப் பயம். "நீ காக்கிச்சட்டை போட்டுட்டா நான் கவலையில்லாம தூங்குவேன்டா" என்று அவர் உன்னிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்தப் பயணத்துக்கு டிக்கெட் விசாரிக்கத்தான் நீயும் நானும் அன்று ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வந்து நின்றது. எங்கள் தோட்டத்து ஆபீசில் தலைமைக் கணக்கராக இருந்த பெரிய கிராணி இறங்கினார்.

"என் பெட்டி எங்கடா?"

"பின்னாடி சாமான் வண்டியில இருக்குங்கய்யா. இறக்கிட்டு இருக்காங்க" என்றார் உன் அப்பா.

அதற்குள் கன்னத்தில் அறை விழுந்துவிட்டது. உன் அப்பாவின் தொப்பி தண்டவாளத்தில் போய் விழுந்தது.

நீ ஓடவில்லை. நடந்துதான் போனாய். கிராணியின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டதைப் பார்த்தேன், அடுத்த நொடி அவர் பிளாட்பாரத்தில் கிடந்தார். தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்தார். "என்னடா பண்ணிட்டே?" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க உன் பெயர்தான். மார்க்கெட்டில் மீன் விற்பவர் உனக்குச் சும்மா ஒரு கருவாட்டுக் கட்டைக் கொடுக்க வந்தார். நீ வாங்கவில்லை. போலீஸ் வரும் என்று யூசோப் பயந்தான். கிராணி புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் முதலில் கை நீட்டியது யார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமே.

மறுநாள் மூட்டைகளின்மேல் மறுபடியும் கூடினோம். யாரும் கேட்பதற்கு முன்பே நீயே எழுந்து நடந்ததைச் சொன்னாய். வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்க விதி. நீங்களே பாருங்க" என்று போய்விட்டார். தலைவன் தன் வழக்கைத் தானே தீர்க்க முடியாது. உனக்கு அடுத்தவன் நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தவன் ஆ செங்தான். "ஐயோ அலமாக், இதுல என்ன யோசனை? அது வேற, இது வேற லா. என்னை ஒருத்தன் இடிச்சான். இவனோட அப்பாவை அடிச்சிருக்கான். எங்கப்பாவை அடிச்சா நானும் சும்மா இருக்கமாட்டேன்."

"எந்தக் காரணத்துக்காகவும்னு சொன்னோம், ஆ செங்" என்றாய் நீ. "உனக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

"என் தண்டனை போனா போகட்டும்னுதானே சொல்றேன்!"

"அதைச் சொல்ல வேண்டியது நீ இல்லை. இவன்." என்னைக் காட்டினாய்.

உன் அப்பாவின் தொப்பியைத் தண்டவாளத்தில் இறங்கி எடுத்து வந்தவன் நான். காக்கிச்சட்டைப் பேச்சும் எனக்குத் தெரியும். ஆனால் எதிரே ஆ செங் உட்கார்ந்திருந்தான், ஒரு பருவம் முழுக்க வெளியே நின்றவன். "இந்தப் பருவம் முடியும்வரை உனக்குப் போட்டி கிடையாது. பயிற்சி மட்டும்" என்றேன்.

"சரி" என்றாய். உடனே எழுந்தாய். "அப்ப என் எடையில நீதான் இறங்கணும். உன்னைவிடக் கனமானவனைத் தாங்கிப் பழகணும். சட்டையைக் கழட்டு."

அன்று நீ என்னைத் தூக்கிப்போட்டதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டாய்.

உன் அப்பா என்னை விடவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் என்னை நிறுத்தினார். "தம்பி, எனக்காகத்தானே அவன் அடிச்சான். அதுக்குப்போய் நீ தண்டனை கொடுப்பியா?"

"மாமா..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, அவனை விடுங்க. விதி போட்டவன் நான்" என்று உள்ளேயிருந்து வந்தாய்.

"உன் விதி என் கன்னத்தைக் காப்பாத்துச்சா?"

அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. கேட்டவர் கேட்டது சரி.

அந்த வாரமே ஒருநாள், கிராணியைப் பார்க்க வேண்டும் என்று என்னோடு தோட்டத்து மருத்துவமனைக்கு வந்தாய். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன். என் அப்பா அவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நீ கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாய்.

"எலும்பு ஒடைஞ்சதுக்கு நான் உங்ககிட்ட வருத்தம் சொல்லிக்கிறேங்க. அப்படித் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது. எங்கப்பாவை அறைஞ்சதுக்கு நீங்க அவருகிட்ட சொல்லணும். அது வேற கணக்கு. நான் சொன்னதால அது கழிஞ்சு போகாது."

கிராணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் அப்பா கட்டுவதை நிறுத்தவே இல்லை. ஆனால் நீ வெளியே போனதும் என் பக்கம் திரும்பி, "இந்தப் பையன்கூடச் சேர்ந்தே இரு" என்றார்.

ஜொகூர் பாருவில் நாம் தோற்றோம். ஆ செங் ஜெயித்தான், யூசோப் ஜெயித்தான், வேறு இருவர் தோற்றார்கள். கடைசியாக என் ஆட்டத்தில்தான் போட்டி போயிற்று. என்னை வென்றவன் உன் எடைக்காரன், நல்ல பலசாலி. முழுநேரமும் தாக்குப்பிடித்தேன், முதுகு படவில்லை, புள்ளியில்தான் தோற்றேன், அவ்வளவுதான் சொல்லிக்கொள்ள முடியும். நீ வாளியும் துண்டுமாக ஓரத்தில் நின்றாய். அந்தப் போலீஸ் அதிகாரி உன் குஸ்திக் காதைப் பார்த்துவிட்டு, இவன் ஏன் இறங்கவில்லை என்று வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியார் உண்மையைச் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். அங்கிருந்து உனக்கு எந்த அழைப்பும் வரவில்லை.

எதிரணிப் பையன்கள் சும்மா நட்புக்கு ஒரு பிடி பிடிக்கலாம் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். "பருவம் முடியலை" என்று சிரித்தாய். திரும்பும் வண்டியில் ஆ செங் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான், தான் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தை உன் மடியில் வைத்துக்கொண்டு.

கிராணி தோள் சரியாகி வெளியூர் போன நாளில் நீ ஸ்டேஷனில் இல்லை. நான் இருந்தேன். உன்னிடம் அன்றே சொன்னேன், ஆனால் மறுபடியும் சொல்லத் தோன்றுகிறது. உன் அப்பா பெட்டியை எடுக்கக் குனிந்தார். கிராணி அடிபடாத கையால் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கனமா இருக்கு. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. 'நீங்க' என்று வந்தது. உன் அப்பா மறுபக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினார். வண்டி போனபிறகு தொப்பியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

அப்புறம் உன் அப்பாவுக்கும் வேலை போயிற்று, ஊருக்குக் கப்பலேறினார். நீ மெர்சிங் சாலை வேலைக்குப் போனாய், வேலையாட்களை நடத்தும் மண்டோர் ஆனாய். ஒரு தடவை குளுவாங் வந்தபோது காப்பிக்கடையில் உன்னிடம் கேட்டேன், அன்று நான் சொன்னது சரிதானா என்று. நீ கோப்பையைக் கீழே வைத்தாய்.

"சரியான்னு தெரியலைடா. ஆனா நீ என்னை விட்டிருந்தா, ஆ செங் மூஞ்சியை நான் பார்த்திருக்க முடியாது."

அப்பாவின் டிரஸ்ஸர் வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். போன மாதம் இங்கே மருந்து வாங்குவது பற்றி ஆபீஸ் கிராணியோடு எனக்குத் தகராறு. நோயாளிகள் முன்னால் என்னை மட்டமாகப் பேசினார். நானும் அவர் குடும்பத்தை இழுத்துப் பேசிவிட்டேன். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், அவர் குடும்பத்தைப் பேசியதற்கு மட்டும் வருத்தம் சொன்னேன். மருந்து விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை என்பதையும் சொன்னேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மருந்து வந்துவிட்டது. வழியில் எதிர்ப்பட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, நேராகப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.