கல்லுக்கு இன்னா வயிறா கீது?

நண்பா,

இன்று காலை உன் வீட்டம்மா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்களாண்ட குடுக்கச் சொன்னாரு" என்றார். உள்ளே உன் ஸ்பிரிங் தராசு. கொக்கியில் இன்னும் கிரீஸ் வாடை.

தங்கச் சுரங்க வேலைக்காக மாரிகுப்பத்துக்கு நாம் இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். ஊரில் நெல் மூட்டை தூக்கிய என்னை, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் அந்த இரும்புக் கேஜ் மூன்றே நாளில் ஆட்டிவைத்துவிட்டது. அது சட்டென்று இறங்கும்போது வயிறு தொண்டைக்கு வரும். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தேன். ஷிப்டே சிரித்தது. நான் கோழை என்று நானே முடிவுகட்டி, ஊரில் கஞ்சிக்கு வழியில்லை என்று தெரிந்தும் துணிமணியைக் கட்டிவிட்டேன்.

நீ அந்த மூட்டையை எட்டி உதைத்தாய். "நாளைக்கு ஒரு தபா எங்கூட எறங்கு. அப்பால போடா."

மறுநாள் கேஜில், ஆபீசில் கழித்துப்போட்ட இந்தத் தராசில் ஐந்து ராத்தல் கல்லைத் தொங்கவிட்டு என் மூக்குக்கு நேரே பிடித்தாய். மெழுகுவர்த்தி என் கையில். கேஜ் இறங்க மணி அடித்தது. என் வயிறு எழும்பிய அதே நொடியில் முள் ஐந்திலிருந்து நாலுக்கு ஓடியது.

"பாத்தியா? கல்லுக்கு இன்னா வயிறா கீது? பயமா கீது? அதுக்கும் இதேதான்டா!"

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. கேஜ் முழு வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்க, முள் ஐந்துக்கே திரும்பி நின்றுவிட்டது. கல் கடையில் தொங்குவதுபோல் சும்மா இருந்தது. நீ மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாய்.

"சத்தத்த உடு. இப்ப சொல்லு, போறமா, நிக்கிறமா?"

ஐயோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லையே! சற்று நேரத்தில் கால் கனத்தது. "மேல போறோம்டா!" என்று கத்தினேன். கேஜே சிரித்தது. "நாம வேலை செய்ற லெவல் வந்துடுச்சு, எறங்கு. கேஜ் நிக்கறதுக்கு வேகம் கொறஞ்சா அப்படித்தான் தோணும்" என்றாய்.

கல் உடைத்தபடியே சொன்னாய்: "பூமி ஓடுதுன்னு வாத்தியார் சொன்னாரு. ஓடுனா நமக்குத் தெரியாதான்னு கேட்டு அடி வாங்குனேன். இங்க எறங்குனப்பதான் புரிஞ்சுது, ஒரே சீரா ஓடுனா தெரியாதுன்னு."

ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் அசையாமல் கிடந்த மண்ணைப் பார்த்தேன். கேஜ் இறங்கும் ஷாஃப்டு, கல்மேடு, நாம் விட்டுவந்த ஊர், சாயங்காலச் சூரியன்! எது ஓடுகிறது, எது நிற்கிறது? அம்மாடி, எவ்வளவு பெரிய கேஜில் பிறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்று மலைத்துப்போனேன். குடிசைக்குப் போய் மூட்டையை அவிழ்த்தேன். அதன்பிறகு ஒருநாளும் வேலைக்கு மட்டம் போட்டதில்லை.

போன வாரம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. கல்லறையில் உன் பெட்டியை இறக்க நான்கு பேர் கயிறு பிடித்தோம். "வெடுக்குன்னு உடாதீங்கப்பா, ஒரே சீரா எறக்குங்க!" என்று மற்ற மூவரையும் அதட்டினேன். பாதிரியாரே திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே.

கயிறு உரசிய இடம் உள்ளங்கையில் இன்னும் எரிகிறது. சீராகத்தான் விட்டேன்டா. நீ இறங்கியது உனக்குத் தெரிந்திருக்காது.