துண்டுக்குள் மூன்றாவது கை

மாப்ளே,

காலையில் உன் துண்டை உதறினேன். பருத்திக்கொட்டை வாடையும் பீடி வாடையும் ஒன்றாக எழுந்து வந்து, "ஏலே மச்சான்" என்று கூப்பிடாத குறைதான்.

என் தங்கச்சிதான் எடுத்துக் கொடுத்தாள். "அண்ணே, அவுக போட்டுட்டுப் போன பருத்தியை மழைக்கு முன்ன வித்துக் குடுத்துரு. கூரை ஒழுகுனா எல்லாம் கறுத்துப் போகும். விதை வாங்கவும் வழியில்ல."

மூன்று தாலுகாவுக்கும் புளுகில் முடிசூடா மன்னனாகிய நான் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

போன மாசியில் நாம் இருவரும் போன அதே கமிஷன் கடை. உன் கைமேலும் வியாபாரி கைமேலும் துண்டைப் போட்டு விலை பேசினாய். நீ நீட்டும் விரல்கள் நீ கேட்கும் விலை. வியாபாரி மடக்க மடக்க அது இறங்கும். அன்று எல்லாமே மடங்கிப் போயின.

"என்னய்யா, இது பருத்தியா, குப்பையா?" என்று அவரிடம் சீறினாய்.

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? கப்பல்ல சீமைப் பஞ்சு வந்து நிக்குது. இறக்குமதி வரியை எடுத்துட்டாக. அந்தச் சீமையில சர்க்காரே விவசாயிக்கு மானியத்தை அள்ளிக் குடுக்குது. அவுக என்ன விலைக்கும் விப்பாக. எந்த நாடு எம்புட்டுக் குடுக்கலாம்னு வருசக்கணக்காக் கூட்டம் போட்டுப் பேசுறாக. முடிஞ்சபாடில்ல."

நீ வெடுக்கென்று கையை உருவினாய். "மச்சான், உள்ள மூணாவதா ஒரு கை இருந்துச்சு. சில்லுனு. ரேகையே இல்ல."

நான் சிரித்த சிரிப்பில் திருச்சுழிப் புறாக்கள் அத்தனையும் பறந்துபோய்க் காரியாபட்டியில் இறங்கின.

"அந்தக் கை போகட்டும், அப்புறம் விக்கிறேன்" என்று லோடைத் திருப்பினாய். வீடு முழுக்கப் பருத்தி. அதன் மேலேயே படுத்தாய். ஒருநாள் அதன் மேலேயே எழாமல் போனாய். உன்னைத் தூக்கிய பிறகும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. எத்தனை முறை கிளறிவிட்டாலும், விடிந்தால் ஆள் படுத்த பள்ளம். சொன்னால் யார் நம்புவார்கள்? யானைக்கு டிக்கெட் எடுத்துப் பஸ்ஸில் கூட்டிவந்ததாகச் சொன்ன வாயல்லவா இது!

இன்று துண்டுக்குள் நான்கு விரல் நீட்டினேன். வியாபாரி ஒன்றை மடக்கினார். அதற்குள் அவர் செல்போன் அடிக்க, கையை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனார். துண்டுக்குள் என் கை மட்டும்.

அடுத்த விரல் மடங்கியது.

உன் கையாக இருக்கட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன், மாப்ளே. உன் கை காய்ப்புக் காய்த்துச் சொரசொரவென்று இருக்கும். இது வழவழப்பு. சில்லிப்பு. அவசரமே இல்லாமல் இன்னொரு விரலையும் மடக்கியது.

வியாபாரி திரும்பி வந்து, துண்டுக்குள் மிச்சமிருந்த ஒற்றை விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்களே இறங்கி வந்துட்டீங்களே அண்ணாச்சி. முடிச்சுக்கிருவோம்."

மழை இருட்டிக்கொண்டு நின்றது. விற்றுவிட்டேன். தங்கச்சிக்கு விதை வந்துவிடும். கூரை ஒழுகத்தான் செய்யும்.

உன் துண்டு என் தோளில் கிடக்கிறது. அந்தக் கை மடக்கிய இரண்டு விரல்களும் இன்னும் நிமிரவில்லை. இதை இடக்கையால்தான் எழுதுகிறேன். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, மாப்ளே. நீயாவது நம்பு.