அலமுவின் இடுப்பு

ஆராய்ச்சிக்கார மகளுக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. தறியில் உட்காரும்போது இடுப்பு வளைவதை அளக்கக் கட்டிக்கொள்ளச் சொல்லி நீ கொடுத்த கருவிப் பட்டையை நான் ஒருநாளும் கட்டவில்லை. மாதம் முழுக்கப் பக்கத்து வீட்டு அலமுதான் கட்டிக்கொண்டு நெய்தாள்.

ஐம்பது வயது நெசவுக்காரிக்கு இடுப்பில் ஒரு குறையும் இல்லை என்று கட்டுரை எழுதிவிட்டாயாமே! அலமுவுக்கு வயது இருபத்தாறு. உன் பேராசிரியர் காரில் வந்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிவீங்கம்மா?" என்றார். "உங்கள மாதிரி பெரிய மனுஷங்க வந்தாகூட குனியறது இல்ல சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இத்தனை படித்த கூட்டத்தில், இடுப்பு யாருடையது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் தறியில் உட்கார முடியாமல் போய் மூன்று மாதமாகிறது. சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருவாய். வராதே. கட்டுரையைத் திருத்து. பட்டம் தள்ளிப்போனால் போகட்டும்.

உனக்காக இன்று காலை நிஜமாகவே பட்டையைக் கட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினேன். இறங்க முடிந்தது. இப்போது மணி இரண்டு. வாலாஜாபாத் போன அலமு ஐந்து மணி பஸ்ஸில் வருவாள். என்னைத் தூக்கிவிட்டதும் இதைத் தபாலில் போடச் சொல்கிறேன்.

குழியிலிருந்து,
அம்மா