பன்னிரண்டு பாகை

ராயபுரம், திருப்பூர்
27.07.2025

பெருமதிப்பிற்குரிய ராக்கையா ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலது காலுக்கு, நடக்கத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பரைத் தாங்கள் செய்து கொடுத்த சாரதாமணியின் கணவன் கிட்டுசாமி எழுதுகிறேன். அருப்புக்கோட்டையில் தாங்கள் வீட்டோடு சிறு பட்டறை வைத்திருப்பதாக இப்போதுதான் அறிந்தேன். ஒரு தவற்றைச் சொல்லவும் ஓர் உதவியைக் கேட்கவும் இக்கடிதம்.

முதலில் நல்ல செய்தி. அந்தக் காலிப்பரோடு அவள் பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக உயர்ந்தாள். நாளொன்றுக்கு நாலாயிரம் அடிக்குக் குறையாமல் நடந்தாள். விடுமுறைகளைக் கழித்தாலும் ஒன்றரைக் கோடி அடிகளுக்கு மேல் வருகிறது. தோலையும் பட்டையையும் மூன்று முறை மாற்றினோம். இரும்பை யாரும் தொடவில்லை.

சென்ற சித்திரையில் முழங்கால் கீல் விரிசல் கண்டது. தங்கள் முகவரி எனக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை. நான் பனியன் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு மேலாளன் அல்லவா? ஏற்றுமதிச் சட்டைக்கு அளவுப் பட்டியல் எழுதுவதுபோல், பழைய காலிப்பரை மேசையில் கிடத்தி இருபத்திரண்டு இடங்களில் அளந்தேன். பாதத் தகடு, இடது காலின் திருப்பத்தைவிடப் பன்னிரண்டு பாகை கூடுதலாக வெளிப்புறம் திரும்பியிருந்தது. கைப்பிழை என்று குறித்தேன். நிட்டிங் மெஷின் உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறையில், அதை 'நேராக்கி', மில்லிமீட்டர் பிசகாமல் புதிது செய்வித்தேன். "ஏனுங்க, என்ற காலு என்ன உங்க எக்ஸ்போர்ட் பனியனுங்களா, ரெண்டு பக்கமும் ஒண்ணாட்ட இருக்கோணும்ங்கிறதுக்கு?" என்று சாரதாமணி சிரித்தாள். நானும் சிரித்தேன், வரைபடத்தை மாற்றவில்லை.

பதினேழாம் நாள் லைனிலேயே விழுந்தாள். கழற்றிப் பார்த்தால் வெளிக் கணுக்காலில் ஆழமான புண். முழங்கால் வீங்கிக் கிடந்தது.

கோவையில் எலும்பு மருத்துவர், எடுத்த படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இளம் மருத்துவர்கள் நால்வரை அழைத்தார். வலுவிழந்த கால் இத்தனை ஆண்டு பாரம் தாங்கினால் முழங்கால் மூட்டு பெரும்பாலும் பின்னோக்கி வளைந்துவிடும். இங்கே அதன் அடையாளமே இல்லை என்று காட்டினார். அவளது கீழ்க்கால் எலும்பே வளரும்போது வெளிப்புறம் முறுக்கிக்கொண்டதாம். அந்தப் பன்னிரண்டு பாகை பிழையன்று, எலும்பின் போக்கு. பழைய காலிப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவரு இருக்காருங்களா?" என்று கேட்டார். ஏதோ சன்னிதியில் நிற்பதுபோல் எனக்கு உடல் சிலிர்த்தது.

முதன்முதலில் காலிப்பருக்காகத் தங்களிடம் வந்த அன்று, ஈரக் காலோடு அவளைச் சிமெண்டுத் தரையில் அரைநாள் நடக்கவிட்டு, தாங்கள் சுவடுகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முறையாக அளக்கத் தெரியாதவர் என்று மனத்துக்குள் தங்களைக் குறைத்து மதிப்பிட்டேன். சற்று நேரத்தில் காய்ந்து மறைகிற அந்தச் சுவட்டில், அவள் நடக்கப்போகும் ஆண்டுகளைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் பார்த்தது ஈரத்தை மட்டுமே. மன்னியுங்கள்.

புண் ஆறிவிட்டது. மூட்டுக்கு நிலையான கேடு இல்லை. ஆனால் இன்னொரு தவறான காலிப்பரை அது தாங்காது. பிறகு நடை திரும்பாது என்கிறார் மருத்துவர். இனி இதில் என் கை படக்கூடாது. தாங்களே அவள் காலின் அச்சு வார்ப்பு எடுத்துச் செய்து தர வேண்டுகிறேன். எந்த நாள் சொன்னாலும் அழைத்து வருகிறேன்.

இன்னும் ஒன்று. புதியது இரண்டாம் நாளே கடித்ததாம். நான் ஆசையாக வரைந்தது என்பதற்காகப் பதினைந்து நாள் வாய் திறவாமல் நடந்திருக்கிறாள். வலித்தால் அன்றே சொல்ல வேண்டும் என்று தாங்கள் அவளிடம் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா. நான் சொன்னால் "சரிங்க" என்பாள், சொல்லமாட்டாள்.

தங்கள் பதிலை நோக்கியிருக்கும்,
கிட்டுசாமி