பாதிதான் கறுத்திருந்தது

அன்பு மகள் குட்டிமணிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையில் அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே உன் இருமலைத் தவிர எல்லாம் சுகமாக இருக்கட்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லை நான் அழுவேன், அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, பெட்டியில் அடுக்கி, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்குகிற எங்கள் அறையை நீ பார்த்திருக்கிறாய். அங்கே என்னோடு வேலை பார்க்கிற, என்னை அல்லேலூயா அக்கா என்று கூப்பிடுகிற கிண்டல்காரியையும் உனக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலையில் அவள், கும்பிடுகிறவர்களுக்கும் கும்பிடாதவர்களுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்று கேட்டுவிட்டாள். கேட்டால் நான் விடுவேனா? நாம் உலகத்துக்கு உப்பு, வெளிச்சம் என்று பைபிளில் இருப்பதையெல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டினேன். நடுவில் மெஷின் ஓடி முடிந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சோதனைப் பட்டை வைப்போம், அது முழுசாகக் கறுத்திருந்தால்தான் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டிக்கு வெளியே ஒட்டுகிற பட்டை வெறும் சூட்டிலேயே கறுத்துவிடும், அதை நம்பக் கூடாது. நானோ பிரசங்க மும்முரத்தில் நடுப்பட்டையைப் பார்க்காமலே கையெழுத்தைப் போட்டு ஆறு பெட்டிகளை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிட்டேன். பிறகு மெஷினைத் துடைக்கும்போது மூலையில் அந்தப் பட்டை கிடந்தது. பாதிதான் கறுத்திருந்தது, மறுபாதி சுண்ணாம்பு போல வெள்ளை.

அதைக் கையில் எடுத்தேன். கிண்டல்காரி எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "விடுங்கக்கா, வெளிப்பட்டை கறுப்பாத்தான இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது? நீங்க போய்ச் சொன்னா வேலையே போயிடும்" என்றாள். என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள், ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி என்று அவளுக்குத் தெரியும். உன் அம்மா ஒன்றும் வீராங்கனை இல்லை மகளே, பால் பொங்குகிற அளவு நேரம் அந்தப் பட்டையைக் கைக்குள் மடக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அப்புறம் எப்படி ஓடினேன் என்று கேட்காதே, லிப்டுக்குக் கூடக் காத்திருக்கவில்லை, மூன்று மாடி, இரண்டாவது மாடியிலேயே ஒரு செருப்பு கழன்றுவிட்டது. தியேட்டரில் ஒரு மனிதரை மேசையில் படுக்க வைத்து மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள். வாசலிலேயே நின்று, "டாக்டர், அந்த ஆறு பெட்டியையும் திறக்காதீங்க, எதுவும் சுத்தமில்ல. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். அவர் போட்ட சத்தத்தை இங்கே எழுதினால் பேப்பர் கிழிந்துவிடும். ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினார்கள். மெக்கானிக் வந்து பார்த்தால், மெஷின் கதவு ரப்பர் வெடித்து நீராவி ஒழுகியிருக்கிறது, அன்றைக்கு விட்டிருந்தால் அடுத்தடுத்த பெட்டிகளும் அதே லட்சணத்தில்தான் போயிருக்கும்.

அந்த மனிதரின் மனைவி நடைவழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து பட்டினி கிடந்தவரை எழுப்பி அனுப்புகிறீர்களே, நீங்களெல்லாம் மனுஷர்கள்தானா என்று கேட்டாள். தப்பு என்னுடையதுதான் அம்மா என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்துவிட்டு, தெம்பு வந்தவுடன் மறுபடியும் திட்டினாள். தலைமை நர்ஸ் மூன்று மாதத்துக்கு நான் கையெழுத்தே போடக்கூடாது, கருவிகளை ஊறவைத்துக் கழுவுகிற தொட்டியில்தான் வேலை என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே கிண்டல்காரி வந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு நடுப்பட்டையையும் இரண்டு இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, நாளைக்கு என் புள்ளைக்கே ஆபரேஷன்னாலும் நீங்க கட்டின பெட்டியத்தான் கேப்பேன்" என்றாள். தடுக்கி விழுந்தால் வசனம் சொல்கிற எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று வருஷமாக நான் சொன்னதெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவள், நான் தப்பை ஒத்துக்கொண்டதை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறாள். வீட்டில் சொன்னதற்கு உன் அப்பா, நீ வாயை மூடினால்தான் கர்த்தருக்கே பேச இடம் கிடைக்கிறது போல என்று சிரித்தார். அவருக்கு மட்டும் கிண்டல் குறைச்சலா?

நீயும் ஆபீசில் ஏதாவது தவறிவிட்டால் மற்றவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீயே போய்ச் சொல்லிவிடு, பாதியை மறைத்துச் சொல்லாதே, முழுசாகச் சொல். உன்னோடு பேசாமல் இருக்கிற அந்தப் பக்கத்து மேசைக்காரிக்கு உடம்பு சரியில்லை என்றாயே, அவள் வேலையில் கொஞ்சத்தைச் சத்தம் காட்டாமல் செய்துகொடு. பைபிள் வசனத்தை மட்டும் அவள் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதே, அது உன் அம்மா செய்கிற வேலை.

இன்று மத்தியானம் அந்த மனிதர் தையல் பிரித்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி எங்கள் அறை வாசல் வழியாக நடந்து போனார். அவருக்கு என்னை யாரென்றே தெரியாது. அந்த அம்மாள் மட்டும் என்னைப் பார்த்து இன்னும் முறைத்தாள். முறைத்துவிட்டுப் போகட்டும். கை முழுக்க சோப்பு நுரையோடு வாசலில் நின்று, அவர்கள் படியிறங்கி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும், மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

தொட்டித் தண்ணீரில் விரல் சுருங்கிப்போன,
உன் அம்மா